வன்னியில் பெண் தலைமைக் குடும்பங்கள்: தையல் மெஷினுக்கு அப்பால் என்ன செய்யலாம்?

தேமாப்பூ (ரொறன்ரோ)

வணக்கம். எங்கள் பழைய மாணவிகள் சங்கம் ஆண்டுதோறும் கொஞ்சம் காசு சேர்த்து வன்னிக்கு அனுப்பும். மூன்று வருடத்துக்கு முன்னர் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்கு 14 தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தோம். எல்லாம் போரில் கணவரை இழந்த, அல்லது கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண்களுக்கு. படங்கள் வந்தன, எல்லோருக்கும் சந்தோஷம்.

இந்த ஆவணியில் நானே போய்ப் பார்த்தேன். மூன்று மெஷின் ஓடுகிறது. இரண்டு அடைவில் (அடகுக்கடையில்) இருக்கிறது. மற்றவை மூலையில் சீலை போட்டு மூடியபடி கிடக்கின்றன. ஒருவர்கூட என்னிடம் குறை சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒரு அக்கா பிளேன்ரீ தந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, மெஷின் நல்லது. ஆனா நான் இருக்கிற காணியே என்ர பேரில இல்லை. நாளைக்கு எழும்பு எண்டால் எழும்ப வேணும்."

திரும்பி வந்ததிலிருந்து அந்த வார்த்தை மனதை விட்டுப் போகவில்லை. இந்த வருடமும் காசு சேர்ந்திருக்கிறது. என்ன செய்தால் உண்மையில் உதவும்? அங்கே இருப்பவர்கள், சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முறிகண்டி (கிளிநொச்சி)

தேமாப்பூ அக்கா, போய்ப் பார்த்ததற்கும், பார்த்ததை அப்படியே எழுதியதற்கும் நன்றி. நான் இங்கே மாதர் சங்க வேலைகளில் பல வருடமாக இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடக்கு கிழக்கில் போரால் விதவையானவர்கள் 89,000 பேர் என்று 2010இல் அரசாங்கமே ஒரு கணக்குச் சொன்னது. கிழக்கில் 49,000, வடக்கில் 40,000. எல்லா அறிக்கையிலும் இந்த எண் வரும். ஆனால் எங்கள் ஊரில் "விதவை" என்ற சொல்லைச் சொன்னால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். போர் முடிந்த 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தடியில் கணவரைத் தன் கையால் இராணுவத்திடம் ஒப்படைத்தவர் எப்படித் தன்னை விதவை என்று சொல்வார்? அவர் பொட்டு வைத்திருக்கிறார், தாலி கட்டியிருக்கிறார். பிள்ளையின் பள்ளிக்கூடப் படிவத்தில் தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் "உயிருடன் உண்டு / இல்லை" என்று ஒரு கட்டம் வரும். அந்தக் கட்டத்துக்கு முன்னால் பேனையைப் பிடித்தபடி அழுதவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முன்பெல்லாம் எந்த அலுவலுக்குப் போனாலும் "மரணச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு வாங்கோ" என்பார்கள். எடுத்தால் அவர் செத்துவிட்டார் என்று தானே கையெழுத்து வைத்ததாகிவிடும், தேடுவதற்கு வழக்கே இருக்காது என்ற பயம். 2016இல் சட்டத்தைத் திருத்தி, மரணச் சான்றிதழுக்குப் பதில் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் எடுக்கலாம் என்று கொண்டுவந்தார்கள். அது நல்ல மாற்றம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் எல்லோரும் அப்படி நினைக்கவில்லை. அதையும் வாங்க மாட்டோம், பதில்தான் வேண்டும் என்கிற அம்மாமார் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களை யாரும் வற்புறுத்தக் கூடாது.

மெஷின் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே ஒழுங்கையில் பன்னிரண்டு பேருக்குத் தையல் மெஷின் கொடுத்தால் யாருடைய சட்டையை யார் தைப்பது? கோழிக்கூடும் அப்படித்தான், ஆடும் அப்படித்தான். கொடுப்பவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைக் கொடுத்தார்கள். கேட்டுக் கொடுத்தவர்கள் குறைவு.

பனையோலை (லண்டன்)

//மரணச் சான்றிதழ், காணக்கிடைக்காமைச் சான்றிதழ்//

மன்னிக்கவும், எனக்கு இதில் வேறு கருத்து. கொண்டுபோனவர்கள் யார், எங்கே வைத்திருந்தார்கள் என்று முதலில் பதில் வரட்டும். அரசியல் தீர்வு வரட்டும். பெண்ணுரிமை, பால்நிலை எல்லாம் தொண்டு நிறுவனங்களின் திட்டப் பணத்தோடு வந்த பேச்சு. போராட்டத்தின் கூர்மையை இதுதான் மழுங்கடிக்கிறது. இனத்துக்கு நீதி கிடைத்தால் பெண்களுக்கும் கிடைக்கும். அப்புறம் மற்றதைப் பார்க்கலாம்.

கல்லடிப் பாலம் (மட்டக்களப்பு)

பனையோலை அண்ணா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. கொண்டுபோனவர்கள் யார் என்ற கேள்வியை எங்கள் அம்மாமார் ஒரு நாளும் விட்டதில்லை. ஆனால் "திட்டப் பணத்தோடு வந்த பேச்சு" என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

1984இல் யாழ்ப்பாணத்தில் இளைஞர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்துக்கொண்டு போனபோது கச்சேரிக்கு (மாவட்ட அரச அலுவலகத்துக்கு) ஊர்வலமாகப் போனவர்கள் யார்? அன்னையர் முன்னணி. அப்போது எந்த நிறுவனம் அவர்களுக்குப் பணம் கொடுத்தது? யாழ் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ராஜினி திராணகம எல்லாத் தரப்புத் துவக்குகளைப் பற்றியும் எழுதினார். பாதிக்கப்பட்ட பெண்களுக்காகப் பூரணி இல்லத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். 1989 செப்டம்பர் 21 அன்று வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது சுட்டார்கள். 35 வயது. இது எங்கள் மண்ணுக்குள்ளிருந்து வந்த பேச்சு அண்ணா, உயிரைக் கொடுத்துப் பேசியது.

எங்கள் பக்கத்தில் 2004இல் புலிகள் இயக்கம் பிளவுபட்ட பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். கிழக்கில் இயக்கத்தில் சேர்த்திருந்த நிறையப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பவும் சேர்க்க வந்தபோது தாய்மார்தான் வழிமறித்தார்கள். அவர்கள் இராணுவத்தைக் கண்டும் பயந்தவர்கள், இயக்கத்தைக் கண்டும் பயந்தவர்கள். பயத்தோடுதான் நின்றார்கள்.

"அப்புறம் பார்க்கலாம்" என்று சொன்னீர்கள். 2002 சமாதானப் பேச்சு ஞாபகம் இருக்கும். மேசையில் பேசியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் கேட்டுக் கேட்டு, பால்நிலை விவகாரங்களுக்கு ஒரு உபகுழு அமைத்தார்கள். அரசு தரப்பில் ஐந்து பெண்கள், புலிகள் தரப்பில் ஐந்து பெண்கள். அந்தப் பக்கம் பெண்ணிய ஆய்வாளர் குமாரி ஜயவர்தன, இந்தப் பக்கம் புலிகளின் மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளர் தமிழினி. 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடினார்கள். இரண்டு பக்கத்துப் பெண்களும் ஒரே மேசையில் இருந்து இடம்பெயர்வு, பாதுகாப்பு, அரசியலில் இடம் பற்றியெல்லாம் பேசத் தொடங்கினார்கள். அடுத்த மாதமே பேச்சுவார்த்தை நின்றது, அந்தக் குழுவும் அதோடு போயிற்று. கடைசியாகச் சேர்த்தார்கள், முதலில் காணாமல் போனது. அந்த "அப்புறம்" இன்றுவரை வரவில்லை.

பனையோலை (லண்டன்)

ராஜினியின் பெயரை இந்த இடத்தில் எதிர்பார்க்கவில்லை. நான் அப்போது யாழ்ப்பாணத்தில் மாணவன். அந்தச் செய்தி வந்த மாலை நன்றாக ஞாபகம் இருக்கிறது.

உபகுழுவைப் பற்றித் தெரியாது. வாசிக்கிறேன். ஆனாலும் என் கேள்வி நிற்கிறது: காணியை இராணுவம் பிடித்து வைத்திருக்கும்போது காணி யார் பெயரில் என்று பேசி என்ன பயன்?

முறிகண்டி (கிளிநொச்சி)

//காணியை இராணுவம் பிடித்து வைத்திருக்கும்போது//

அதை விடுவித்தவர்களும் பெண்கள்தான் அண்ணை. முல்லைத்தீவு கேப்பாப்புலவு பிலக்குடியிருப்பில் 2017 ஜனவரி 31 தொடக்கம் விமானப்படை முகாமுக்கு முன்னால் போராட்டம் இருந்தார்கள். இரவில் பனி, பிள்ளைகளோடு தெருவோரத்தில் படுத்தார்கள். நாங்கள் சோறு கொண்டுபோய்க் கொடுத்தோம். மார்ச் 1 அன்று காணிக்குள் காலடி வைத்தார்கள். கேப்பாப்புலவில் இன்னும் விடாத காணியும் உண்டு. இரணைதீவு மக்கள் 1992இல் இடம்பெயர்ந்தவர்கள். ஏறக்குறைய ஒரு வருடம் கரையில் போராடிப் பார்த்துவிட்டு 2018 ஏப்ரலில் வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் தாங்களாகவே தீவில் போய் இறங்கினார்கள். அந்தப் படகுகளில் எத்தனை பெண்கள் என்று படங்களைப் பாருங்கள்.

இறங்கியபின் வந்த கேள்வி என்ன தெரியுமா? "உறுதி (காணிப் பத்திரம்) எங்கே, யார் பெயரில்?" இரண்டு கேள்வியும் ஒரே ஆளின் தலையில்தான் வருகிறது. ஒன்றுக்குப் பிறகு ஒன்று என்று வரிசையில் வருவதில்லை.

கச்சேரியடி (யாழ்ப்பாணம்)

காணி என்றவுடன் எழுதாமல் இருக்க முடியவில்லை. சட்டத்தரணியாக வேலை செய்கிறேன். இங்கே எழுதுவது பொதுவான விளக்கம்தான், ஒவ்வொருவரின் பத்திரத்தையும் பார்த்துத்தான் ஆலோசனை சொல்ல முடியும்.

முதலில், உறுதிக்காணி. வட மாகாணத் தமிழருக்குத் தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம் பொருந்தும். ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் எழுத்தில் தொகுத்தது. அதன்மேல் 1911இல் வந்த திருமண உரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டம் ஒன்று இன்றும் நடைமுறையில் இருக்கிறது. சீதனக் காணி பெண்ணுக்கே சொந்தம் என்று நாங்கள் பெருமையாகச் சொல்வோம். உறுதியில் அவர் பெயர் இருப்பது உண்மைதான். ஆனால் திருமணமான பெண் அந்தக் காணியை விற்க, ஈடு வைக்க, மகளுக்கு எழுத வேண்டுமானால் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். கணவன் தன் காணியை விற்க மனைவியின் சம்மதம் தேவையில்லை.

சாதாரண காலத்திலேயே இது அநியாயம். கணவர் 2009இல் காணாமல் ஆக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு இது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். காணி அவருடையது, அப்பா அம்மா எழுதிக் கொடுத்தது. மகளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார். உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போனால் "அவரின் கையெழுத்து?" என்று கேட்கிறார். எங்கே போய் அந்தக் கையெழுத்தை வாங்குவது?

பலருக்குத் தெரியாதது இதுதான்: அதே சட்டத்தில் வழியும் இருக்கிறது. கணவர் இருக்கும் இடம் தெரியாதபோது, அல்லது கைவிட்டுப் போனபோது, அவரின் சம்மதம் இல்லாமலே அனுமதி தரும்படி மாவட்ட நீதிமன்றத்தைக் கேட்கலாம். இது மரணச் சான்றிதழ் கேட்கிற வழி இல்லை. அவர் செத்துவிட்டார் என்று அந்தப் பெண் எங்கேயும் சொல்ல வேண்டியதில்லை. இருக்கும் இடம் தெரியாது என்று சொன்னால் போதும், அது முழு உண்மை. பொலிஸ் முறைப்பாடு, செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்த துண்டு, காணாமல் போனோர் ஆணைக்குழுவில் சாட்சியம் சொன்ன கடிதம், கிராம அலுவலரின் கடிதம், இவையெல்லாம் அங்கே உதவும். சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும், விளம்பரம் போட வேண்டி வரலாம், சட்டத்தரணிச் செலவு, பஸ் காசு, ஒரு நாள் கூலி போகும். இவ்வளவுதான் தடை. ஆனால் கூலிக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு இது மலை.

அடுத்தது பெர்மிட் காணி. கிளிநொச்சி, முல்லைத்தீவில் குடியேற்றத் திட்டங்களில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் உறுதி இல்லை. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரம்தான். அது குடும்பத் தலைவர் பெயரில் வரும், குடும்பத் தலைவர் என்றால் ஆண் என்று எழுதாத ஒரு விதி. பெர்மிட்காரர் பின்னுரித்தாளரை நியமிக்காமல் இறந்தால் மனைவி அதில் வாழலாம், கைமாற்ற முடியாது. அவருக்குப் பிறகு யாருக்கு என்ற அட்டவணையில் ஆண்பிள்ளைகளுக்குத்தான் முதலிடம். இந்த ஆண் முன்னுரிமையை 2022இல்தான் திருத்தினார்கள். 87 வருடம்.

தேமாப்பூ, உங்களுக்குப் பிளேன்ரீ தந்த அக்கா எந்த வகை என்று கேட்டீர்களா? சீதனக் காணியா, பெர்மிட் காணியா, உறவினர் இருக்க விட்ட காணியா? மூன்றுக்கும் மூன்று வழி.

தேமாப்பூ (ரொறன்ரோ)

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தெரிந்திருக்கவில்லை. இன்று இரவே முறிகண்டியோடு பேசுகிறேன்.

உப்பளக்காற்று (புத்தளம்)

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று சொல்ல வேண்டும்.

வடக்கில் பெண்கள் என்றால் வடக்கு முஸ்லிம் பெண்களான எங்களையும் எண்ணுங்கள். 1990 அக்டோபரில் புலிகள் எங்களை வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதும் 75,000 பேர் அளவில். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். உம்மா காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். உறுதிகள் அலுமாரிக்குள்ளே கிடந்தன. நான் அப்போது கைக்குழந்தை. முப்பது வருடத்துக்குப் பிறகு உம்மாவோடு யாழ்ப்பாணம் போய் எங்கள் வளவைத் தேடினோம். வேப்பமரத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தார். பக்கத்து வீட்டுத் தமிழ் அம்மா உம்மாவைக் கண்டதும் கட்டிப்பிடித்து அழுதார். கந்தோரில் உள்ளவர்களுக்கு அந்த அழுகை சாட்சி ஆகவில்லை.

இன்னொன்று. கச்சேரியடி கணவரின் கையெழுத்து இல்லாததால் வரும் கஷ்டத்தை எழுதினார். எங்கள் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் மணமகள் தன் திருமணப் பதிவில் கையெழுத்து வைக்கவே தேவையில்லை, வலி (பெண்ணின் ஆண் பாதுகாவலர்) வைத்தால் போதும் என்று இருந்தது. பெண் காதியாகவும் (முஸ்லிம் விவாக வழக்குகளின் நீதிபதியாகவும்) முடியாது. இதை மாற்றக் கேட்டு எங்கள் பெண்கள் எத்தனை வருடமாக ஏசல் வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. எங்களுக்கும் "சமூகத்துக்கு இப்போது பிரச்சினை, அப்புறம் பார்க்கலாம்" என்றுதான் சொல்கிறார்கள்.

பனையோலை (லண்டன்)

உப்பளக்காற்று தங்கச்சி, 1990 பற்றி நாங்கள் சரியாக வாய் திறக்கவில்லை. அது எங்கள் பெயரில் நடந்தது. மன்னிப்புக் கேட்க எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

நேற்று "அப்புறம்" என்று எழுதியதைத் திரும்ப வாசித்தேன். என் சின்னம்மா இப்போதும் மானிப்பாயில் இருக்கிறார், சித்தப்பா 1996இல் காணாமல் போனவர். அவருக்கு இரண்டு பரப்புக் காணி உண்டு. ஏன் விற்று வைத்தியம் பார்க்கவில்லை என்று பல தடவை அவரிடம் கோபப்பட்டிருக்கிறேன். காரணம் இன்றுதான் விளங்குகிறது. கச்சேரியடிக்குத் தனிமடல் அனுப்பியிருக்கிறேன்.

மதுரைவாசகி (மதுரை)

எங்கள் பகுதியிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. வார இறுதியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போவேன். திரும்பிப் போகலாமா என்று யோசிக்கிற பெண்கள் கேட்பதும் இந்தக் காணிக் கேள்விதான். இந்த இழையை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா?

ஒரு சந்தேகம். இங்கே மகளிர் சுய உதவிக் குழுக்கள் பல பெண்களுக்குக் கைகொடுத்திருக்கின்றன. அங்கே குழுக்கடன் கொடுத்தால் மெஷினை அடகு வைக்க வேண்டி வராதே?

முறிகண்டி (கிளிநொச்சி)

தாராளமாகக் கொடுங்கள் மதுரைவாசகி.

குழுக்கடன் என்ற சொல்லைக் கேட்டாலே இங்கே பெண்கள் நடுங்குவார்கள். போர் முடிந்து பாதை திறந்ததும் கடன் கொம்பனிகள் வந்தன. ஐந்து பேர் சேர்ந்து குழு, ஒருவருக்கொருவர் பிணை, கிழமைக்கொரு தவணை. ஒருவர் கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் கட்ட வேண்டும். அதனால் கொம்பனிக்காரன் வந்து கேட்பதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரியே வந்து படலையில் நிற்பாள். போர்க்காலத்தில் ஒரே பங்கருக்குள் இருந்து, ஒரே கஞ்சியைப் பகிர்ந்தவர்கள் முகம் பார்க்காமல் போனது இந்தக் கடனால்தான். எனக்கு மிகவும் வலித்தது அது. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன். தவணைக்காரர்கள் பொழுதுபட்ட பிறகும் வீட்டு வாசலில் இருப்பார்கள், வாயால் சொல்ல முடியாத கதையெல்லாம் கேட்டவர்களும் உண்டு. உயிரை விட்டவர்களும் உண்டு.

2018இல் அரசாங்கம் 12 மாவட்டங்களில், ஒரு லட்சம் ரூபாவுக்குக் குறைந்த, தவணை தவறிய கடன்களுக்கு நிவாரணம் கொண்டுவந்தது. வட்டிக்கு 35 வீதம் உச்சவரம்பு வைத்தது. உச்சவரம்பே 35 என்றால் அதற்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். உங்கள் ஊர்க் குழுக்கள் வேறு மாதிரி நடக்கலாம், தங்கள் சேமிப்பைத் தாங்களே சுழற்றுவது எங்களிடமும் உண்டு, அது நல்லது. வெளியே இருந்து வரும் கடன் வேண்டாம்.

கல்லடிப் பாலம் (மட்டக்களப்பு)

கடன் பற்றி ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் சமாதானம் என்று நான் நம்புவது அங்கேதான் தெரிந்தது. 2021 மார்ச் 8 அன்று பொலன்னறுவை ஹிங்குராக்கொடையில் நுண்கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். வாரக்கணக்கில் இருந்தார்கள். சிங்களக் கிராமத்துப் பெண்கள். அவர்கள் சொன்ன கதையும் முறிகண்டி எழுதிய கதையும் சொல்லுக்குச் சொல் ஒன்று. ஊடகவியலாளர் பிரகீத் எக்னலிகொட 2010 ஜனவரியில் காணாமல் ஆக்கப்பட்டதிலிருந்து அவர் மனைவி சந்தியா நீதிமன்றப் படி ஏறிக்கொண்டே இருக்கிறார். வடக்கு அம்மாமாரின் போராட்டங்களுக்கும் வந்து பக்கத்தில் நின்றிருக்கிறார். மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே இவர்களுக்குள் பேச்சு நடக்கும், படத்தைத் தூக்கிக் காட்டினால் போதும்.

ஐ.நா. பாதுகாப்புச் சபை 2000 அக்டோபர் 31 அன்று 1325ஆம் தீர்மானத்தை எடுத்தது. சமாதான முயற்சிகளில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்பது அதன் சாரம். இலங்கை அதற்கான தேசியத் திட்டத்தை ஏற்றது 2023இல்தான். உள்ளூராட்சிச் சபைகளில் பெண்கள் இரண்டு வீதம் அளவில்தான் இருந்தார்கள். 25 வீத ஒதுக்கீட்டுச் சட்டத்துக்குப் பிறகு, 2018 தேர்தலில் 20 வீதத்தைத் தாண்டியது. அதற்குள் வந்த சில பெண்கள் எங்கள் பக்கத்தில் தெருவிளக்கு, கிணறு, மதுக்கடை என்று சபையில் சண்டை பிடித்ததைப் பார்த்தேன். கதிரையில் இருக்க விட்டால் என்ன பேசுவார்கள் என்று தெரிந்தது.

தேமாப்பூ (ரொறன்ரோ)

எல்லோருக்கும் நன்றி. நேற்றுச் சங்கக் கூட்டத்தில் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். வாதம் நடந்தது. "காசு கொடுத்தால் படம் வர வேண்டும், நீதிமன்றச் செலவுக்கு என்ன படம் போடுவது" என்று ஒருவர் உண்மையாகவே கவலைப்பட்டார். கடைசியில் முடிவெடுத்தோம்: இந்த வருடம் பொருள் எதுவும் வாங்குவதில்லை. காணி அலுவலுக்கு வழிச்செலவு, விண்ணப்பச் செலவு, ஒரு நாள் கூலிக்கு ஈடு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள். அடைவில் இருக்கும் இரண்டு மெஷினை மீட்பது, அவர்கள் விரும்பினால் மட்டும். உப்பளக்காற்று, உங்கள் பக்கத்து அம்மாமாரையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டேன், ஒருவரும் மறுக்கவில்லை.

வவுனியா, கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் இருக்கும் போராட்டக் கொட்டகைகளுக்கும் உதவலாமா என்று சிலர் கேட்டார்கள்.

முறிகண்டி (கிளிநொச்சி)

கொட்டகைக்கு என்ன தேவை என்று அங்கே இருக்கும் அம்மாமாரிடம்தான் கேட்க வேண்டும். 2017 பெப்ரவரியிலிருந்து இருக்கிறார்கள். பதில் தெரியாமலே பலர் கண்மூடிவிட்டார்கள். 2022இல் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபா தருகிறோம் என்று அரசாங்கம் சொன்னபோது, ஒரு வேளைக்கே கஷ்டப்படுகிற அம்மாமார்கூட வேண்டாம் என்றார்கள். அவர்களிடம் காசோடு போகும்போது அந்த மரியாதை நம்மிடம் இருக்க வேண்டும். நான் போய்க் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

கச்சேரியடி (யாழ்ப்பாணம்)

நானும் இன்னும் இரண்டு தோழிகளும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கிளிநொச்சி வருகிறோம். எங்களுக்குக் கட்டணம் வேண்டாம். வருபவர்கள் கையில் உள்ள எல்லாத் துண்டையும் கொண்டு வரச் சொல்லுங்கள், கறையான் அரித்ததென்றாலும் சரி. முகாமில் கொடுத்த அட்டைகூட உதவும்.

முறிகண்டி (கிளிநொச்சி)

முதல் சனிக்கிழமை முடிந்தது. ஒன்பது பேர் எதிர்பார்த்தோம், 31 பேர் வந்தார்கள். மூன்று பேர் புத்தளத்திலிருந்து விடியற்காலை பஸ் எடுத்து வந்தார்கள்.

தேமாப்பூவுக்குப் பிளேன்ரீ தந்த அக்காவும் வந்தார். அவருடையது பெர்மிட் காணி, கணவர் பெயரில். அந்த அக்காவின் பெயரில்தான் முதல் கோப்பைத் திறந்தோம். விண்ணப்பத்தை நிரப்பும்போது ஒரு கேள்வி மட்டும் கேட்டார். கணவர் பெயருக்கு முன்னால் "திரு" என்று போடுவீர்களா, "அமரர்" என்று போடுவீர்களா என்று.

திரு என்றுதான் எழுதினோம். அடுத்த தவணைக்கு மாசி மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு அவருக்குத் துணைக்கு நான் போகிறேன்.